கவுன்சிலர் வண்டி கொதிக்கிறது

கச்சிராயபாளையத்தில் அந்த வண்டியை யாராவது அம்பாசடர் என்று சொல்லிவிட்டால் விஜயராகவனுக்கு முகம் சுருங்கிவிடும். ‘கவுன்சிலர் வண்டி’ என்று சொல்ல வேண்டும். அவர் ஒன்றியக் கவுன்சிலராக இருந்தது ஒரே ஒரு தவணை. அதற்குப் பிறகு இரண்டு முறை நின்றார். இரண்டு முறையும் ஊர் அவரை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டது. வண்டியை யாரும் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. அதனால் பதவி இன்னமும் வண்டியில் இருந்தது. இரண்டு விளக்குகளுக்கும் நடுவே முகப்பை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு பித்தளைப் பலகை: ‘கே. விஜயராகவன், ஒன்றியக் கவுன்சிலர்’. ‘முன்னாள்’ என்ற சொல்லும் அதில் உண்டு. குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேடினால் கிடைக்கும்.

வண்டி அவருடைய அப்பா வாங்கியது. அந்தக் காலத்து இஞ்சின் என்றைக்கோ உயிரை விட்டுவிட்டது. மகன் ஐயப்பன் அந்த உடம்புக்குள் வேறொரு உயிரைப் புகுத்தியிருந்தான். திருநாவலூர்ப் பக்கம் ஒரு காயலான் கடையில், கவிழ்ந்துபோன வேன் ஒன்றிலிருந்து கழற்றி வந்த டீசல் இஞ்சின். அதோடு விட்டானா? அகல டயர், நாலு ஊதல் ஹாரன், கூரைமேல் ஒரு வரிசை விளக்கு, உள்ளே ஏசி. ஒரு கோடை முழுக்கச் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செய்தது. புது இஞ்சினுக்கு பலம் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி. அந்தச் சூட்டைத் தணிக்க வேண்டிய ரேடியேட்டர் மட்டும் தாத்தா காலத்தது.

சமவெளியில் கல்யாணம், கருமாதி, காதுகுத்து என்று வண்டி கௌரவமாகப் போய்வந்தது. மலை ஏறினால் கொதித்தது. மலைமேல் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற அளவுக்கு அந்தக் குடும்பத்துக்கு உறவு இல்லாததால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வளர்மதிக்கு வேலை கிடைக்கும் வரைக்கும்.

வளர்மதி ஐயப்பனின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே டி.பார்ம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மாவாட்டிக்கொண்டும், கரும்பு வெட்ட வந்த ஆட்களுக்குச் சோறு கட்டிக்கொண்டும், நடுநடுவே பரீட்சை எழுதியவள். வைகாசி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாளில் பணி ஆணை வந்தது. வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர்.

“கவுன்சிலர் வூட்டு மருமவ மாத்திர எண்ணிக் குடுக்கறதா?” என்றுதான் மாமனார் முதலில் கேட்டார். அதற்குள் செய்தி தெருவில் பரவி நாலு பேர் வந்து கைகொடுத்துவிட்டார்கள். பரீட்சை எழுதியதே தான்தான் என்பது போல அந்தக் கைகளையெல்லாம் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகு மறுக்க முடியவில்லை.

“போவட்டும்” என்றார் அன்றைக்குச் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே. “ஆனா ஒண்ணு. நம்ம வண்டியில போவணும், நம்ம வண்டியில வரணும். விஜயராகவன் மருமவ பஸ்ஸுல கம்பியப் புடிச்சிக்கினு தொங்கறான்னு எவனும் சொல்லக் கூடாது.”

“தெனமும் வண்டியிலியா மாமா? டீசலு...”

“டீசல் என் கவல. வண்டி மல ஏறுச்சின்னா நீ வேலைக்குப் போற. ஏறலன்னா, வூட்லயும் ஆயிரம் வேல இருக்குது.”

“சரிங்க மாமா” என்று சட்டென்று சொல்லிவிட்டாள். தன் வேலையை ஒரு ரேடியேட்டரின் கையில் ஒப்படைத்துவிட்டோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. சேர வேண்டிய கடைசி நாள் ஆணையில் போட்டிருந்தது. அதற்குள் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு.

வெங்கடேசன் பட்டறை கோமுகி அணைக்குப் போகிற சாலையில், ஒரு புங்க மரத்தடியில் இருந்தது. எந்த வண்டியும் தன்னைத் தோற்கடித்ததில்லை என்று வெங்கடேசன் சொல்லிக்கொள்வார். தோற்கடித்த வண்டிகள் பட்டறைக்குப் பின்னால் எருக்கஞ்செடி முளைத்துக் கிடந்தன. வளர்மதி காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டுப் புருஷனோடு அங்கே போய், ஒரு பழைய வேன் சீட்டில் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தாள். அவள் அங்கே உட்கார்ந்திருந்தால்தான் வேலை நடக்கும் என்பதை முதல் நாளே கண்டுகொண்டாள். இல்லாவிட்டால் இரண்டு ஆண்களும் டீ குடித்துக்கொண்டு இஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். இஞ்சின் தன்பாட்டுக்கு இருக்கும்.

“வண்டின்றது மனுஷ ஒடம்பு மாதிரிம்மா” என்றார் வெங்கடேசன், பானெட்டுக்குள் தலையை விட்டபடி. “ஜொரம்னா ஒடனே ஊசி போடக் கூடாது. எதனால ஜொரம்னு பாக்கணும்.”

“எதனாலங்க?”

“அதத்தான் பாத்துக்கினு இருக்கறன்.”

முதலில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தார். “இது வெளிநாட்டுக் குளுருக்குச் செஞ்சது. நம்மூரு வெயிலுக்கு இது இன்னாத்துக்கு?” என்று அதைத் தூக்கிப் புதரில் போட்ட விதத்தில் சுதந்திரப் போராட்டத்தின் வாடை அடித்தது. வண்டியை எடுத்துக்கொண்டு மலையடிவாரம் போனார்கள். இரண்டு வளைவு ஏறியதும் கொதித்தது.

அடுத்து வாட்டர் பம்ப்பை மாற்றினார். “இப்ப பாரு, ஐஸ் மாதிரி போவும்.” மூன்றாவது வளைவில் கொதித்தது. ஒரு வளைவு முன்னேற்றம் என்று ஐயப்பன் சந்தோஷப்பட்டான். மூன்றாவதாக இஞ்சினின் தலையையே பிரித்து உள்ளிருக்கும் கேஸ்கட்டை மாற்றினார்கள். அது இரண்டு பேர் முதுகையும் ஒடித்த வேலை. ஐயப்பனின் சட்டை வியர்வையில் நனைந்து, காய்ந்து, உப்புப் பூத்து, திரும்பவும் நனைந்தது. கரும்பு லாரி ஒவ்வொன்றும் போகும்போது ஒரு கூடைப் புழுதியை அள்ளி இஞ்சின்மேல் போட்டுவிட்டுப் போனது. வளர்மதி முந்தானையால் நட்டுகளைத் துடைத்துத் துடைத்து ஒரு தகரத் தட்டில் வரிசையாக வைத்தாள். மறுபடி மலை. மறுபடி ஆவி.

ஒவ்வொரு முறையும் அவளும் வண்டியில் போனாள். முன்னால் உட்கார்ந்து, சூடு காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டு போவாள். அது பாதியைத் தாண்டும்போது சீட்டின் விளிம்புக்கு நகர்ந்துவிடுவாள். முள் சிவப்பைத் தொட்டால், மலைமேல் அந்த மருந்து ஜன்னலுக்குப் பின்னால் வேறு யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பது தெரியும்.

“இந்தாங்க, ஒங்களால முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க” என்றாள் ஒருநாள், வண்டி ஆறுவதற்காக ஓரமாக நிறுத்திக் காத்திருந்தபோது. “நான் மனச ஆத்திக்குவன்.”

ஐயப்பன் கையிலிருந்த கிரீஸைப் புல்லில் தேய்த்தான். “முடியாதுன்னு இல்ல வளரு. எல்லாம் கரெக்டா இருக்குது. ஆனா கொதிக்குது.”

“எல்லாம் கரெக்டா இருந்தா ஏன் கொதிக்குது?”

“அதான் வெங்கடேசண்ணன்...”

“அவரு ஜொரத்துக்கு டீ குடிச்சிக்கினு இருக்காரு.”

மிச்சமிருந்தது ரேடியேட்டர் மட்டும்தான். அதை முன்பே பார்க்காததற்குக் காரணம் இருந்தது. அதை வெளியே எடுக்க வேண்டுமானால் முன்னாலிருக்கும் இரும்புச் சட்டத்தையும் பித்தளைப் பலகையையும் கழற்ற வேண்டும். பலகையைக் கழற்றுவதென்றால் விஜயராகவன் வர வேண்டும். வந்தார். தாமே பக்கத்தில் நின்று, நாலு போல்ட்டும் கழன்றதும் பலகையைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைப் போல வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போகாமல் அதோடு அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வெங்கடேசன் நெருப்பு வைத்து ஈயத்தை உருக்கி, ரேடியேட்டரின் மேல் மூடியைத் தூக்கினார். தூக்கியவர் டீயை மறந்து உள்ளேயே பார்த்தார். அது அவருக்கு வழக்கமில்லாதது.

“இன்னாண்ணா?” என்று ஐயப்பன் குனிந்தான்.

உள்ளே, தண்ணீர் இறங்க வேண்டிய மெல்லிய குழாய்களின் வாயெல்லாம் பழுப்பாக ஏதோ அப்பிக்கிடந்தது. துரு மாதிரி இருந்தது, ஆனால் துரு இல்லை. வெங்கடேசன் ஒரு விரல் எடுத்து மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். மறுபடியும் மோந்தார்.

“யம்மா, இங்க வா. நீ மருந்துக்குப் படிச்சவ. இது இன்னா கெமிக்கலுன்னு பாரு.”

வளர்மதி அதை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினாள். அதைக் கண்டுபிடிக்க டி.பார்ம் தேவைப்படவில்லை. வாரத்தில் பாதி நாள் அவள் துடுப்பால் கிளறுகிற பொருள்.

“இது களிங்க” என்றாள்.

“இன்னாது?”

“கேவுரு மாவு. வெந்து, புளிச்சுப்போன களி.”

எல்லோரும் ஒரே நேரத்தில் ஸ்டூலைப் பார்த்தார்கள். விஜயராகவன் பலகையின்மேல் இருந்த துண்டை இழுத்துவிட்டுச் சரிசெய்தார்.

“மருந்து போட்டன்” என்றார். “அதுக்கு இன்னா இப்ப?”

“இன்னா மருந்து மாமா?”

“ஒரு வாட்டி மலையில ரேடியேட்டர் ஒழுவிப்போச்சி. கரியாலூர்ப் பக்கம். பெரியண்ணன்னு ஒரு மலைக்காரன், சாமை மூட்ட ஏத்திக்கினு சந்தைக்குப் போறவன், ஜீப்ப நிறுத்தி ரெண்டு கை கேவுரு மாவு அள்ளிப் போட்டான். அடச்சிக்கிச்சி. சொட்டுத் தண்ணி ஒழுவல. வூடு வரைக்கும் வந்தன்.”

“செரி. அது ஒரு வாட்டி. அப்புறம்?”

“அப்புறம் இன்னா? நல்ல மருந்துன்னு தெரிஞ்சுதுல்ல. ஒழுவறதுக்கு முன்னாடியே போட்டுட்டா நல்லதுதானே. வெளியூரு கெளம்பற நாளெல்லாம் விடியக்காலம் ஒரு கை போட்டுட்டுக் கெளம்பறது. கவுன்சிலர் வண்டி நடுரோட்ல ஒழுவிக்கினு நின்னா பேரு யாருக்குக் கெட்டுப்போவும்? ஒனக்கா?”

“யப்பா” என்றான் ஐயப்பன். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. “நான் இஞ்சின் தலையையே பிரிச்சிப் போட்டனேப்பா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“நீ கேட்டியா?”

“அந்தப் பெரியண்ணன் வேற ஒண்ணும் சொல்லலியா?” என்று கேட்டார் வெங்கடேசன்.

விஜயராகவன் மரத்தைப் பார்த்தார். “வூட்டுக்குப் போனதும் நல்லா கழுவிடுங்கன்னு இன்னாவோ சொன்னான். இவனுங்க சொல்றதெல்லாம் நாம கேக்க முடியுமா? மேல கழுவறதத்தான் சொல்றான்னு வண்டிய நல்லாத்தான் கழுவுனன்.”

வெங்கடேசனுக்கு இது போதும். இத்தனை நாளாகத் தன்மேல் இருந்த பழியெல்லாம் ஒரே விள்ளல் களியில் கரைந்துவிட்ட சந்தோஷம். “கவுன்சிலரே, கூடவே கொஞ்சம் கருவாட்டுக் கொழம்பும் ஊத்தியிருந்தா இஞ்சின் வயிறார சாப்ட்டிருக்குமே. வெறும் களியப் போட்டா யாருக்குத்தான் எறங்கும்?”

வீட்டில் பழனியம்மாளுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் சிரிக்கவில்லை. விஜயராகவனோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவள். சிரிப்பை அவ்வளவு சுலபமாகச் செலவு பண்ண மாட்டாள். மாவுப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருந்த எலிப்பொறியை எடுத்துக்கொண்டுபோய்ப் புருஷன் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். “எலி, எலின்னு தேங்காச் சில்லா வெச்சிக்கினு இருந்தன்” என்றாள் மருமகளிடம். “நீதான் கோழிக்கு அள்ளிப் போடறியோன்னு ஒம்மேலகூட சந்தேகப்பட்டன், போ.”

பொறி அன்றைக்கு முழுக்க நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது. அவர் அதைப் பார்க்காதது போலவே உட்கார்ந்திருந்தார்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்வது லேசில் முடியவில்லை. தட்டையான மெல்லிய கம்பியை ஒவ்வொரு குழாய்க்குள்ளும் விட்டு, முறுக்காமல், ஓட்டை போடாமல், குத்திக் குத்தி எடுக்க வேண்டும். வெங்கடேசன் பாதி, ஐயப்பன் பாதி. வளர்மதி மேலேயிருந்து சொம்பால் தண்ணீர் ஊற்றினாள். கீழே முதலில் ஒன்றும் வராது. பிறகு பழுப்பாகச் சொட்டும். பிறகு கம்பி ஒரு இடத்தில் சடக்கென்று இறங்கும். பின்னாலேயே தண்ணீர் நூலாக விழும். அப்படி ஒவ்வொரு நூலாக விழ விழ மூன்று பேரும் தலையைச் சாய்த்துக்கொண்டு பார்த்தார்கள். வெயில் சாய்ந்து, அடுத்த நாள் ஏறி, மறுபடியும் சாய்ந்தது. மூடியைத் திரும்பப் பற்றவைத்து, வண்டியில் மாட்டி, வளர்மதியும் ஐயப்பனும் மட்டும் மலைக்குக் கிளம்பினார்கள். இரும்புச் சட்டத்தை மாட்ட நேரமில்லை. பலகை வீட்டில் இருந்தது. வண்டியின் முகம், பல் விழுந்த வாய் மாதிரி, திறந்து கிடந்தது.

முள் பாதியில் நின்றது. அடுத்தடுத்த வளைவுகளிலும் பாதியிலேயே நின்றது. வளர்மதி அதைத் தட்டிப் பார்த்தாள்; கெட்டுப்போய் நின்றுவிட்டதோ என்று சந்தேகம். மலைக்காற்று ஜன்னல் வழியாக வந்து முகத்தில் மோதியபோதுதான் இத்தனை நாளாகத் தான் மூச்சைப் பாதி பாதியாக விட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு உறைத்தது. மேலே சுகாதார நிலையத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினார்கள். சேருகிற நாளில் தானும் வருவேன் என்று மாமனார் சொல்லியிருந்ததால் உள்ளே போகவில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னல் சாத்தியிருந்தது. அதன் கீழே சிமெண்டுத் திண்டில் ஒரு பெண்மணி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

“யாரும் இல்லியா?” என்று வளர்மதி கேட்டாள்.

“டாக்டரு பாத்துட்டாரு. மருந்து குடுக்க ஆளு வரணுமாம். நர்ஸம்மா ஊசி போட்டு முடிச்சிட்டு வந்து குடுக்கறன்னாங்க” என்றாள் அவள். “நீங்கதானா அது?”

“நாளன்னிக்கு” என்றாள் வளர்மதி.

இறங்கி வந்ததும் வெற்றிக்கு ஆளாளுக்கு உரிமை கொண்டாடினார்கள். வெங்கடேசன் தன் கைராசி என்றார். ஐயப்பன் ஒரு பச்சைத் திரவத்தை ஊற்றியிருந்தான், அதுதான் என்றான். விஜயராகவன், அடிவாரத்துப் பிள்ளையாருக்குத் தான் உடைத்த தேங்காய் என்றார். வண்டி போகும்போது முகப்பில் ஒன்று இல்லாமல் போயிருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வளர்மதிக்கும்தான்.

சேர வேண்டிய கடைசி நாள். விடியும்போதே வாசலில் பளபளவென்று வண்டி. இரும்புச் சட்டம் திரும்ப மாட்டப்பட்டிருந்தது. பலகையைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பி மெருகேற்றி வாங்கியிருந்தார் மாமனார், அதையும் மாட்டியாயிற்று. அதன்மேல் தோரணமாக ஒரு சாமந்தி மாலை, அதன் கீழே இன்னொன்று, மிச்சமிருந்த சந்துகளில் சந்தனமும் குங்குமமும். அவர் வெள்ளை வேட்டியில் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். மருமகள் டூட்டியில் சேரும்போது தானும் இருந்தால்தான் மேலே மரியாதை என்பது அவர் கணக்கு. பழனியம்மாள் வளர்மதியின் கையில் சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டு, “பத்திரமா போய்ட்டு வா” என்றாள். புருஷனைப் பார்த்து ஒரு பார்வை மட்டும் பார்த்தாள்.

அடிவாரத்திலேயே முள் பாதியைத் தாண்டியது. வளர்மதி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இந்தாங்க, ஏசிய நிறுத்துங்க.” நிறுத்தினான். முதல் வளைவு. இரண்டாவது. வெந்துபோன சாமந்தியின் வாசனை வண்டிக்குள் வந்தது. அதற்கடுத்த வளைவில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி, கண்ணாடி வெள்ளையாகி, ஐயப்பன் வண்டியை மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினான்.

விஜயராகவன் இறங்கவில்லை. இறங்கினால் வண்டி நின்றுவிட்டது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

வளர்மதி இறங்கி முன்னால் போய் நின்றாள். பார்த்தாள். பலகை, மாலை, சட்டம், சந்தனம். ஒரு ஈ நுழைய இடமில்லை.

“அன்னிக்கு இது எதுவும் இல்லியே” என்றாள்.

ஐயப்பன் வந்து பார்த்தான். பானெட்டைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். மாலைகளைப் பிய்த்துப் போட்டான். பிறகு அப்பா பக்க ஜன்னலுக்குப் போனான். “யப்பா, போர்ட மட்டும் கழட்டிடலாம். நாலு போல்ட்டுதான்.”

“இன்னாத்துக்கு?”

“காத்து போவ வழி இல்லப்பா. அன்னிக்கு அது இல்லாமத்தான் ஏறுச்சி.”

“போர்டுக்கும் தண்ணிக்கும் இன்னாடா சம்பந்தம்? அன்னிக்குக் கேவுரு, இன்னிக்குப் போர்டு. நாளைக்கு என்னிய எறக்கி வுட்டா வண்டி ஏறும்னு சொல்லுவ.”

அதுவும் ஓரளவுக்கு உண்மைதான் என்று சொல்ல ஐயப்பனுக்கு வாய்வரை வந்தது. முழுங்கிக்கொண்டான்.

“மாமா” என்றாள் வளர்மதி. “ஆபீஸ் நேரம் தாண்டினா சேத்துக்க மாட்டாங்க. இன்னிக்குத்தான் கடசி.”

“தெரியுதும்மா. ஆறட்டும். ஆறனா தன்னால போவும். போர்ட கழட்டிட்டு மொட்டையா போய் எறங்கனா, இது யாரு வண்டின்னு எவனுக்குத் தெரியும்?”

“நான் எறங்குவனே மாமா. மருந்து குடுக்க வந்த பொண்ணுன்னு தெரியும்.”

அவர் முன் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயப்பன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். பிறகு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான்: அப்பா வேண்டாமென்று சொன்னதைச் செய்யக் கிளம்பினான். விறுவிறுவென்று பின்னால் போய் டிக்கியைத் திறந்தான். உள்ளே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்தான். லட்டு.

“யப்பா, ஸ்பேனர் பெட்டி எங்க?”

“எடுத்து வூட்ல வெச்சன். சுகாதார நிலையத்துல எல்லாருக்கும் லட்டு குடுக்க வேணாமா? எடம் வேணுமில்ல.”

ஐயப்பன் டிக்கியை மூடாமலே அதன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். பிறகு முன்னால் போய் வெறும் கையால் ஒரு போல்ட்டை முறுக்கிப் பார்த்தான். சூடு தோலை உரித்தது. வளர்மதி அவன் கையைப் பிடித்துத் தன் தண்ணீர் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றினாள். கீழே, மரங்களுக்கு நடுவே, ஒரு பஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகிற பஸ். வளைவைத் திருப்பிக்கொண்டு வந்து, ஆவியைப் பார்த்ததும் வேகம் குறைத்தது. படியில் நின்ற கண்டக்டருக்கு வண்டியைத் தெரிந்திருந்தது. இந்த மலையில் அந்த வண்டி நின்றே பிரபலம்.

“இன்னா கவுன்சிலரே, இங்கயே ஒரு வார்டு பிரிச்சிட்டீங்களா?”

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். வளர்மதி பின்கதவைத் திறந்து சோற்றுத் தூக்கை எடுத்தாள். ஆணை வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். மாமனாரின் ஜன்னலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். தாண்டினாள்.

“வளர்மதி!”

நின்றாள். திரும்பவில்லை.

“வண்டியில இல்லாம போறதா இருந்தா நம்ம வூட்டு...” என்று ஆரம்பித்தவர் தலையை வெளியே நீட்டினார். நீட்டியவர் பார்த்தார். பஸ்ஸின் அத்தனை ஜன்னலிலும் முகங்கள். சாக்கு மூட்டைக்கு மேலே உட்கார்ந்தவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், கோழியை மடியில் வைத்திருந்த பெரியம்மா ஒருத்தி. எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்து எத்தனையோ வருஷமாயிற்று. விஜயராகவனின் கை, அவரைக் கேட்காமலே, மேலே போனது. கும்பிட்டது.

“கண்டக்டரு, பாத்து எறக்கி வுடுப்பா. நம்ம மருமவ. டூட்டியில சேரப் போவுது.”

“ஏறுங்க மேடம், ஏறுங்க” என்றார் கண்டக்டர். வளர்மதி ஏறினாள். உட்கார இடமில்லை. மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அது சூடாக, பிசுபிசுவென்று இருந்தது. அவ்வளவு கெட்டியாக அவள் எதையும் பிடித்ததில்லை.

கையெழுத்து ஒரு நிமிஷத்து வேலை. அதற்குப் பிறகு, சாவி வாங்கித் திறந்த ஜன்னலுக்கு முன்னால் வரிசை கலையவே இல்லை. நர்ஸ் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, “அப்பாடா.”

சாயங்காலம் இறங்குகிற பஸ்ஸிலும் நின்றுகொண்டுதான் வந்தாள். வளைவில் வண்டி இல்லை. நசுங்கின சாமந்தி மட்டும் கிடந்தது. வெங்கடேசன் ஜீப் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனதாகப் பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

வீட்டு வாசலில் வேப்பமரத்து நிழலில் வண்டி நின்றது. மாமனார் நாற்காலியில் இருந்தார். எதிரே, தேர்தலில் அவருக்கு ஏஜெண்டாக இருந்த ராமசாமி, லட்டு தின்றுகொண்டிருந்தார். வளர்மதி தலையைக் குனிந்தபடி அவர்களைக் கடந்து உள்ளே போனாள். மாமனார் அவளைப் பார்க்கவில்லை. ஏதாவது சொல்லிவிட்டால் பரவாயில்லை என்றிருந்தது. அடுப்படியில் பழனியம்மாள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

“சேந்துட்டியா?”

“சேந்துட்டன் அத்த.”

“அவரு வந்ததுலேருந்து ஒரு வார்த்த பேசல” என்று கிசுகிசுத்தாள் மாமியார். “நாளைக்குப் போவச் சொல்வாரோ மாட்டாரோ. நானும் கேக்கல.”

இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“பஸ்ஸுல போறதா கேள்விப்பட்டனே கவுன்சிலரே” என்று ராமசாமியின் குரல் கேட்டது. “வூட்ல வண்டி இருக்கறப்ப...”

பழனியம்மாளின் கை புளிக்குள்ளேயே நின்றது.

“நாந்தான் போவச் சொன்னன்” என்றார் விஜயராகவன். “மலையில மருந்து குடுக்கற பொண்ணு கார்ல போய் எறங்கனா ஜனங்க கிட்ட வருமா, சொல்லு? மக்களோட மக்களா போவணும். ஒரு பாடமா இருக்கட்டும்னுதான் வண்டிய வழியில நிறுத்திட்டு பஸ்ஸுல ஏத்தி வுட்டன். பஸ்ஸே எழுந்து நின்னு பாத்துது.”

“பெரிய மனசுங்க ஒங்களுக்கு” என்றார் ராமசாமி. இன்னொரு லட்டு உடைகிற சத்தம் கேட்டது.

பழனியம்மாள் புளிக் கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. இத்தனை காலம் சேர்த்து வைத்ததில் கொஞ்சத்தை இன்றைக்குச் செலவு பண்ணினாள். பிறகு மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு பஸ்ஸு எப்ப?” என்று கேட்டாள்.

“எட்டுக்கு முன்னாடி அத்த.”

“அப்ப அரிசிய இப்பவே களைஞ்சி வெச்சிடறன்.”

“யம்மா வளர்மதி!” வெளியிலிருந்து மாமனாரின் குரல், ராமசாமிக்கும் தெருவுக்கும் கேட்கிற மாதிரி வந்தது. “நாளைக்கு ஜன்னலோர சீட்டா பாத்து ஒக்காரு. நாலு பேரு பாக்கட்டும்.”

“சரிங்க மாமா” என்று குரல் கொடுத்துவிட்டு, வளர்மதி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து நின்ற கால்களை நீட்டிப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.